பழம்புல்லில் விதைத்த கோதுமை

வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் புல் என்னை விடவில்லை. சென்ற கோடையில் ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் ஒரு பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போயிருந்தேன். ரோல்ஸும் தேநீரும் முடிந்த கையோடு வீட்டுக்காரர் குமரன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“அக்கா, ஒருக்காப் பின்வளவுக்கு வாங்கோ. உங்களுக்கு ஒரு சாமான் காட்டவேணும்.”

பின்வளவில் புல்தரையின் ஒரு மூலை வைக்கோல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அதன் நடுவே நேர் நேராகச் சில கீறல்கள். கீறல்களில் ஒன்றும் முளைத்திருக்கவில்லை.

“மருந்தடிச்சுப் புல்லைச் சாக்காட்டினனான் அக்கா. கிண்டுறதுக்கு நாரி நோவு விடேல்லை. கத்தியாலை கோடு கீறிக் கீரையும் கரட்டும் போட்டன். ஒண்டுமே வரேல்லை. விதை விக்கிறவன் ஏமாத்திப் போட்டானோ?”

நான் குனிந்து ஒரு கீறலை விரலால் விரித்துப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை.

“விதைக்காரனைத் திட்டாதையும் தம்பி. புல்லு மேலைதான் செத்துக் கிடக்குது. கீழை இன்னும் சாகேல்லை. நீர் கொஞ்சம் பொறுத்திருக்கவேணும்.”

“உதை எப்பிடி அக்கா பார்த்தவுடனை சொல்லுறியள்?”

“என்ரை வேலையே உதுதானே.”

குமரனின் மனைவி கையில் கேக் தட்டுடன் வந்து நின்றவர், “உண்மையாச் சொல்லுறன் அக்கா, இவ்வளவு காலமும் நீங்கள் என்ன வேலைக்குப் போனனீங்கள் எண்டு எனக்கு வடிவாத் தெரியாது. கிழங்கு பிடுங்கிற வேலை எண்டு ஆரோ சொன்னவை” என்றார். எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு அதை எழுதித் தரும்படியும் அங்கேயே கேட்டார். ஆகவே எழுதுகிறேன். கிழங்கு பிடுங்கவில்லை என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

ஊரில் விவசாய டிப்ளோமா முடித்த சூட்டோடு நாடு குழம்பிப் போனது. நோர்வேக்கு வந்து முதலில் துரொண்ட்ஹெய்மில் மொழி படித்தேன், ஆஸ்பத்திரி விறாந்தை துடைத்தேன், கலியாணம் முடித்தேன், ஒரு விவசாயப் பள்ளியில் மறுபடியும் மாணவியாக இருந்தேன். இவையெல்லாம் எங்களில் பாதிப் பேருக்கு நடந்த கதை. விரித்து எழுத ஒன்றுமில்லை. என் கணவர் சந்திரனுக்கு ஒஸ்லோவில் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தபோது அம்மருட்டில் ஒரு மாடிக் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தோம். அங்கிருந்துதான் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறிய அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனேன்.

நேர்முகத்தில் என் எதிரே இருந்தவர் ஒரு நெட்டை அம்மா. நரைத்த குட்டைத் தலைமயிர், மண்நிறக் கால்சட்டை. பெயர் தூரில். எனக்கு அந்தப் பெயர் ஒரு வேடிக்கையான பொருத்தமாகப் பட்டது. பயிரின் அடியைத்தானே நாங்கள் தூர் என்போம்! பிறகு பல ஆண்டுகள் அவரோடு வேலை செய்தபோது அவர் எந்தப் பயிரையும் தூரில் இருந்துதான் பார்ப்பார் என்பதைக் கண்டேன்.

“கோதுமையைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?” என்று கேட்டார். நோர்வேஜிய மொழியில் எல்லோருக்கும் ஒரே ‘நீ’தான். நான் எழுதும்போது ஆளுக்கேற்ற மரியாதையைப் போட்டுக்கொள்கிறேன். அவர்களின் பேச்சு என் காதில் எங்கள் தமிழாகவே கேட்டு ஊறிவிட்டது.

“மாவாகத் தெரியும். பயிராக இன்னும் காணேல்லை” என்றேன்.

“நல்லதாப் போச்சு. பிழையாப் படிச்சதை மறக்கடிக்கிற வேலை எனக்கு மிச்சம்” என்றார். அடுத்த திங்கட்கிழமையே வரச் சொன்னார்.

தூரில் வேலை செய்யும் முறையை இங்கே சற்று விரிவாக எழுத வேண்டும். இப்போது அலுவலகத்தில் இருக்கும் பிள்ளைகள் படம் எடுக்கும் பறக்கும் கருவியை ஏவிவிட்டுக் கணினியில் நிறம் பார்க்கிறார்கள். நல்ல விஷயம்தான். தூரிலின் முறை வேறு.

காரை வீட்டு முற்றம் வரைக்கும் ஓட்டிப் போகமாட்டார். பண்ணை வாசலிலேயே நிறுத்துவார். காரின் பின்பெட்டியில் ஒரு வாளி, தண்ணீர்க் கலன், முரட்டுப் பிரஷ். முந்திய பண்ணையின் மண் ஒரு துகளும் இல்லாமல் சப்பாத்தின் அடியைத் தேய்த்துக் கழுவிய பிறகே உள்ளே கால் வைப்பார். வேறொருவரின் களைவிதையையும் நோயையும் காலில் கொண்டுபோய்க் கொடுப்பது விருந்தாளிக்கு அழகல்ல என்பார். எனக்கும் அதே சட்டம். பிறகு விவசாயிக்குக் கைகொடுத்து, காலநிலையைப் பற்றி இரண்டு வசனம். அதன் பிறகு அவர் செய்வதுதான் எனக்கு முதலில் விளங்காமல் இருந்தது. விவசாயி பதறிப்போய்ச் செத்த இடத்தைக் காட்ட இழுப்பார். தூரில் அதைத் திரும்பியும் பாராமல் கடந்து, காணியில் எது ஆகச் செழிப்பாக நிற்கிறதோ அங்கே போய் நிற்பார்.

“செத்ததிட்டை என்னத்தைக் கேக்கிறது, ராணி? அது ஒண்டும் சொல்லாது. உயிரோடை நிக்கிறதைக் கேளும். நீ எப்பிடித் தப்பினனி எண்டு.”

மண் வெட்டும் சவளை விவசாயியின் கையில் கொடுப்பார். குழியை அவர்தான் வெட்ட வேண்டும். கிளம்பி வரும் மண்கட்டியைத் தூரில் மிதித்து உடைக்கமாட்டார்; குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி, மெல்ல விண்டு, மூக்கருகே கொண்டுபோவார். நான் வேர்களை வாளியில் அலசி வெள்ளைத் தட்டில் பரப்பி வைப்பேன். நல்ல இடத்தில் ஒரு குழி, கெட்ட இடத்தில் ஒரு குழி, இரண்டுக்கும் நடுவே ஒரு குழி. மூன்றும் முடியும் வரைக்கும் வாயைத் திறக்கமாட்டார். விவசாயி என்ன கேட்டாலும் “ம்” மட்டும்தான். முதல் ஆண்டு முழுவதும் அந்த மௌனத்தில் நான் மூச்சு முட்டிப் போனேன். பிறகு பழகிவிட்டது, பிறகு பிடித்தும் விட்டது.

குன்னாரின் காணிக்கு நாங்கள் போனது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதற் சில ஆண்டுகளுக்குள். ஒஸ்லோவுக்கு வடகிழக்கே களிமண் மேடும் பள்ளமுமாக நிலம் மடிந்து மடிந்து போகும். ஒவ்வொரு பள்ளத்தின் அடியிலும் ஓர் ஓடை. இலையுதிர்காலத்தில் மேட்டை உழுது போட்டால், மழையும் பனி உருகும் தண்ணீரும் அந்தக் களிமண்ணைப் பால்கோப்பிபோலக் கரைத்து ஓடைக்குள் இறக்கிவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் உழாமல் விதையுங்கள் என்று எங்கள் அலுவலகம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தது. அதற்கென்று ஓர் இயந்திரம் உண்டு: கூரான வட்டத் தகடு நிலத்தைக் கீறும், குழாய் விதையைப் போடும், பின்னால் வரும் சில்லு கீறலை அழுத்தி மூடும். நிலத்தின் தோல் கிழியாமல் ஊசி போடுவது போன்ற வேலை.

குன்னார் மாட்டுக்காரர். அவருடைய தகப்பனும் மாட்டுக்காரர். முதுகெலும்பு மக்கர் பண்ணியதால் பசுக்கள் அத்தனையையும் விற்றுவிட்டுத் தானியத்துக்கு மாறத் தீர்மானித்தார். மேட்டுக் காணியில் இருந்த புல், அவருடைய மகன் முதலாம் வகுப்புக்குப் போன ஆண்டில் விதைத்தது. மகன் அப்போது இராணுவ சேவையை முடித்துக்கொண்டிருந்தான். அவ்வளவு காலம் கலப்பை படாத நிலம். எங்கள் துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து, கோடை முடிவில் புல்லுக்கு மருந்தடித்து, அது மஞ்சளாகத் தொடங்கியதுமே உழாமல், அடுத்த கோடையில் அறுக்கும் குளிர்காலக் கோதுமையை விதைத்தார்.

முளைத்தது அழகாக முளைத்தது. புரட்டாதி வெயிலில் செத்த புல்லுக்கு நடுவே பச்சைக் கோடுகள். அயலில் காணி வைத்திருந்த ஹல்வோர் என்பவர் உழாத நிலத்தில் கோதுமை வராது என்று வேலியில் நின்று சொன்னவராம். குன்னார் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்.

ஒரு மாதம் கழித்து, ஐப்பசியில் ஒரு காலை, அலுவலகத் தொலைபேசியை நான் எடுத்தேன். குன்னாரின் மனைவி ஓசே. குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

“ராணி, கோதுமை செத்துக்கொண்டு போகுது. இவர் கலப்பையைப் பூட்டிப் போட்டார். மத்தியானத்துக்குள்ளை எல்லாத்தையும் உழுது புரட்டப்போறாராம். நான் கதைச்சால் கேக்கமாட்டார். உடனை வருவீங்களோ?”

நாங்கள் போனபோது ட்ராக்டர் மேட்டு வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. பின்னால் கலப்பை. மேலே குன்னார், முகம் பீற்றூட் நிறத்தில். மழை இருட்டு வேறு கட்டிக்கொண்டு வந்தது. உழுது முடித்து மழையும் பெய்தால் அந்த மேட்டின் மேல்மண் அடுத்த வசந்தத்தில் ஓடையில்தான் இருக்கும் என்று எனக்கே தெரிந்தது. தூரிலோ காரின் பின்பெட்டியைத் திறந்து, வாளியை எடுத்து, தண்ணீர் ஊற்றி, சப்பாத்தைத் தேய்க்கத் தொடங்கினார். இடது சப்பாத்து. வலது சப்பாத்து. குதிக்காலின் ஓரம். அவர் பிரஷை என்னிடம் நீட்டி, “உம்முடையதும்” என்றார்.

உறுமிக்கொண்டே இருந்த எஞ்சின் நின்றது. ஒரு மனுசி இவ்வளவு ஆறுதலாகச் சப்பாத்துக் கழுவுவதைப் பார்த்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு நேரத்துக்குக் கோபமாக இருக்க முடியும்?

குன்னார் இறங்கி வந்தார். “என்ரை அப்பா உழுதவர். அவற்றை அப்பா உழுதவர். நான் உங்கடை கதையைக் கேட்டன். இப்ப ஹல்வோர் ஒவ்வொரு நாளும் வேலியிலை வந்து நிண்டு பாக்கிறார். சிரிக்கிறதும் இல்லை. அதுதான் தாங்கேலாமல் கிடக்குது.”

“ஓம்” என்றார் தூரில். “எங்கடை கதையைக் கேட்டுத்தான் இப்பிடி நடந்தது. நிலம் உங்கடை, உழுறதும் உங்கடை விருப்பம். அதுக்கு முன்னம் எனக்கு ஒரு குழி வெட்டித் தருவீங்களோ? நல்லா நிக்கிற இடம் ஒண்டு காட்டுங்கோ.”

“நல்லா நிக்கிற இடமோ? அப்பிடி ஒண்டும் இல்லை!”

அவர் சொன்னது உண்மைபோலத்தான் இருந்தது. காணிக்குள் இறங்கி நடந்தோம். எங்கே பார்த்தாலும் மஞ்சளும் பழுப்பும். இடையிடையே சிறு பச்சைத் திட்டுகள், அவற்றைச் சுற்றி மறுபடியும் மஞ்சள். தூரில் நின்றார், திரும்பினார், மறுபடி நின்றார். உயிரோடு இருப்பதைக் கேட்கும் மனுசிக்கு இந்தச் சிதறலில் யாரைக் கேட்பது என்று பிடிபடவில்லை. அவர் முகத்தில் முதல் தடவையாகக் குழப்பத்தைக் கண்டேன்.

“ராணி, களஞ்சியத்துச் சாய்விலை ஏறி நிண்டு முழுக்காணியையும் ஒரு படம் எடும்” என்றார். அந்தப் பக்கத்துக் களஞ்சியங்களுக்கு மேல்மாடிக்கு வண்டி ஏற மண்ணால் ஒரு சாய்வு கட்டியிருப்பார்கள். நான் கமராவோடு ஓடிப்போய் ஏறினேன். மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தவள் படம் எடுக்க மறந்துபோனேன்.

காணியின் நடுவால் போகும் வண்டிப்பாதையை ஒட்டி, மேட்டில் இருந்து பள்ளம் வரைக்கும், வட்டம் வட்டமாகப் பச்சை. ஒரே அளவு வட்டங்கள். ஒரே இடைவெளி. மஞ்சள் சேலையில் பச்சைப் பொட்டு வைத்துத் தைத்ததுபோல.

“தூரில்!” என்று கத்தினேன். “வட்டம்! வரிசையா வட்டம் இருக்குது!”

கீழே நின்ற இருவருக்கும் விளங்கவில்லை. அவர்கள் ஒரு வட்டத்துக்கு உள்ளேயே நின்றார்கள். கிட்ட நின்றால் அது வெறும் பச்சைத் திட்டுத்தான். இருவரும் சாய்வில் ஏறி வந்தார்கள், சத்தம் கேட்டுக் கோழிக்கூட்டுப் பக்கத்தால் வந்த ஓசேயோடு. நால்வரும் ஒரு வரிசையில் நின்று பார்த்தோம். குன்னார் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“என்னடா இது? வேற்றுக்கிரகத்துக் கப்பல் இறங்கினதோ?”

ஓசேதான் முதலில் சிரித்தவர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கப்பல் இல்லை மனுசா! ட்ராக்டர் முட்டை!”

நோர்வேயில் கோடைகாலத்தில் பார்த்திருப்பீர்கள்: அறுத்த புல்லைப் பெரிய உருண்டையாக்கி வெள்ளைப் பொலித்தீன் சுற்றிக் காணியில் வைத்திருப்பார்கள். பகிடியாக அதை ட்ராக்டர் முட்டை என்பார்கள். மாடுகளை விற்றுவிட்டதால் குன்னார் அந்த ஆண்டு முதல் அறுப்புப் புல்லை ஒரு குதிரைப் பண்ணைக்காரருக்குக் கொடுக்கப் பேசியிருக்கிறார். லொறி வந்து ஏற்ற வசதியாக உருண்டைகளை வண்டிப்பாதை ஓரமாக வரிசையாக நிமிர்த்தி வைத்தார். அந்த மனுசன் இன்றைக்கு வாறன், நாளைக்கு வாறன் என்று கோடை முழுக்கக் கடத்தி, விதைப்புக்குக் கிட்டத்தான் வந்து ஏற்றிப் போனாராம்.

“நீங்கள் அந்தாளைத் திட்டின திட்டை இந்த ஊரே கேட்டது” என்றார் ஓசே.

சாய்வில் இருந்து இறங்கிய வேகத்தைப் பார்த்தே தூரிலுக்குப் பிடி கிடைத்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. சவளைக் குன்னாரின் கையில் கொடுத்தார். வட்டத்துக்குள் ஒரு குழி. கிளம்பிய மண்கட்டி அவர் கையில் புட்டுப்போல உதிர்ந்தது. பழைய புல்லின் வேர் கறுத்து உக்கி, தொட்டால் நூல்போல அறுந்தது. விதை போட்ட கீறல் எங்கே என்று தேடவேண்டியிருந்தது, அவ்வளவு நன்றாக மூடியிருந்தது. கோதுமையின் வேர் அதற்குள் தாராளமாக இறங்கியிருந்தது.

வட்டத்துக்கு வெளியே இன்னொரு குழி. சவள் இறங்கவே மாட்டேன் என்றது. குன்னார் இரண்டு காலாலும் ஏறி நின்று மிதித்தார். கிளம்பியது மண்கட்டி அல்ல, தும்புக் கால்மிதி. மேலே செத்துக் கிடந்த புல்லின் வேர்கள் உள்ளே இன்னும் வெள்ளையாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இருந்தன. இயந்திரத்தின் சில்லு கீறலை அழுத்தியிருக்கிறது. அந்த மெத்தை திரும்ப எழும்பி வாய் பிளந்துவிட்டது. பிளந்த வாய்க்குள் தண்ணீர். ஓடில்லா நத்தைகள் கீறல் வழியே விருந்துக்குப் போவதுபோல் போய் விதையின் உள்ளீட்டைத் தின்று வெறுங்கோதை மட்டும் விட்டிருந்தன. தூரில் முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நீட்டினார். புளித்த வாடை. ஈரத்தில் அழுகும் புல் விடும் அமிலம். இளம் வேருக்கு நஞ்சு.

ஆனாலும் முளைத்து நன்றாக நின்ற பயிர் ஏன் பிறகு செத்தது என்பதற்கு அது முழுப்பதில் இல்லை. மூன்றாவது குழி வட்டத்தின் விளிம்பில். அங்கே பாதி செத்தும் சாகாமலும் நின்ற ஒரு பயிரை நான் தட்டில் வைத்து நடுக்குருத்தை இழுத்தேன். வெளியிலைகள் பச்சையாக இருக்க, மஞ்சள் குருத்து மட்டும் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. தண்டை நகத்தால் பிளந்தேன். உள்ளே அரிசிக் குருணையை விடச் சிறிய வெள்ளைப் புழு. அடுத்த பயிரிலும் ஒன்று.

புற்களின் குருத்துக்குள் குடியிருக்கும் ஒரு சின்ன ஈயின் புழு அது. பழம்புல்லில் எப்போதும் இருக்கும், புல்லுக்குத் தாங்கும். மருந்தடித்துப் புல் சாகத் தொடங்கியதும் அது வீடு மாறப் புறப்படுகிறது. பக்கத்து வாசலிலேயே இளசாக ஒரு கோதுமைக் குருத்து. வெள்ளை முட்டைகளின் கீழோ புல் கோடையின் தொடக்கத்திலேயே மூச்சு முட்டிச் செத்துவிட்டது. கோதுமை வந்தபோது அங்கே புழுவும் இல்லை, மெத்தையும் இல்லை, புளிப்பும் இல்லை.

மூன்று குழியும் முடிந்தன. தூரில் கையைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

“குன்னார், நீங்கள் செய்ததிலை பிழை இல்லை. நாங்கள் எழுதினதிலை ஒரு பக்கம் குறைஞ்சு போச்சு. தானியம் வெட்டின காணிக்கு அது சரி. பழம்புல்லு முதல்லை சாகவேணும், பிறகு உக்கவேணும். இரண்டும் ஒண்டில்லை. அதை உங்களுக்கு அந்தக் குதிரைக்காரர்தான் செய்து காட்டியிருக்கிறார்.”

“அந்தாளுக்கு நான் நன்றி வேறை சொல்லவேணுமோ?”

“அது உங்கடை விருப்பம்.”

குன்னார் கலப்பையைப் பார்த்தார். முதல் மழைத்துளி விழுந்தது. “இப்ப இதை என்ன செய்யிறது?”

“மேட்டிலை இன்னும் பயிர் இருக்குது. குளிர் தொடங்கினால் புழு அடங்கும். இப்ப உழுதால் இந்தச் சரிவு நிலத்தின்ரை மண்ணை நீங்கள் திருப்பி வாங்கேலாது. வசந்தத்திலை வாறன். அப்பவும் உழவேணும் எண்டு நீங்கள் சொன்னால், நான் வாய் திறக்கமாட்டன்.”

“இப்ப மட்டும் நிறையத் திறந்தனீங்களாக்கும்” என்று சொல்லிவிட்டு ட்ராக்டரில் ஏறினார். காணிக்குள் போகிறாரோ, முற்றத்துக்குப் போகிறாரோ என்று நாங்கள் மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றோம். முற்றத்துக்குத்தான் போனார். ஓசே என் கையை இறுகப் பிடித்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்று எடுத்த பயிர் மாதிரிகளை மறுநாள் ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கவேண்டி இருந்தது. புழு சாகாமல் இருக்கக் குளிர் தேவை. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். சந்திரன் வேலை முடிந்து வந்து, பசியில், முந்தாநாள் செய்த சம்பல் என்று நினைத்துத் திறந்திருக்கிறார்.

“இஞ்சை வாரும்! நீர் ஒரு நாளைக்கு மண்ணைக் கொண்டு வாறீர், ஒரு நாளைக்கு நத்தையைக் கொண்டு வாறீர். இண்டைக்கு என்ன, புழுவோ? என்ரை பஸ்ஸிலை ஒரு சனம் விட்டிட்டுப் போற குடையைக்கூட நான் வீட்டை கொண்டு வாறேல்லை!”

“மூடி வையுங்கோப்பா, சூடு பட்டால் செத்துப்போகும்” என்றேன். அவர் மூடி வைத்தார். ஆனால் அன்று பாணும் பட்டரும் போதும் என்று சொல்லிவிட்டார்.

வசந்தம் வந்து பனி உருகியதும் குன்னாரின் காணிக்குப் போனோம். உருகிய தண்ணீர் மேட்டில் இருந்து வழிந்து ஓடைக்குள் விழுந்துகொண்டிருந்தது. அடியில் கிடந்த கல் தெரிகிற அளவுக்குத் தெளிந்த தண்ணீர். குன்னார் எங்களை முதலில் கூட்டிக்கொண்டு போனது ஓடைக்கரைக்குத்தான்.

சதுரச் சட்டத்தை நிலத்தில் போட்டுப் போட்டுப் பயிரை எண்ணினோம். வழமைக்கு மிகக் குறைவு. ஆனால் மேட்டில் தப்பிய பயிர்கள் கிளைக்கத் தொடங்கியிருந்தன; ஒன்று நான்காகும் வீரியம் தெரிந்தது. நிறம் மட்டும் வெளிறிப் போயிருந்தது. உக்குகின்ற புல் தனக்காக மண்ணில் உள்ள நைதரசனை முழுக்க விழுங்கிவிடுகிறது. பயிருக்கு மிச்சம் இல்லை. கடன் கொடுக்கிறமாதிரி இப்போது கொஞ்சம் பசளை போட்டால், உக்கி முடிந்ததும் நிலம் அதைத் திருப்பித் தரும் என்று தூரில் சொன்னார். மேட்டை அப்படியே வைத்திருப்பது, பள்ளத்தில் மட்டும் மேலாகக் கிளறி பார்லி விதைப்பது என்று தீர்மானமாயிற்று. கலப்பையின் கதையை ஒருவரும் எடுக்கவில்லை. இம்முறை பள்ளத்தில் சவளை மிதிக்கத் தேவை இருக்கவில்லை, மெத்தை இளகியிருந்தது.

அந்தக் கோடையில் அக்கம்பக்கத்து விவசாயிகளை அழைத்து வயல் பார்க்கும் நாள் வைப்பது அலுவலகத்தின் வழக்கம். வேறு நல்ல காணி ஒன்றில் வைப்போமா என்று அலுவலகத்தில் சிலர் கேட்டார்கள். தூரில் குன்னாரிடமே கேட்டார்.

“என்ரை காணியிலை வையுங்கோ” என்றார் அவர். “வடிவான கோதுமையை எல்லாரும் எங்கேயும் பாக்கலாம்.”

ஏராளமான ஆட்கள் வந்தார்கள். ஹல்வோரும் முன் வரிசையில். ஓசே சுட்ட வாஃபிள்கள் மேசையில் குவிந்திருந்தன. நான் கழுவி வைத்த வேர்களையும் உள்ளே புழுவோடு பாடம் செய்த குருத்துகளையும் தட்டுத் தட்டாக அடுக்கினேன். தூரில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்றார். “உழாமல் விதைக்கிறதைப் பற்றின துண்டுப்பிரசுரத்தை எழுதினது நான். பழம்புல்லைப் பற்றி அதிலை ஒரு வரி இல்லை. அந்த வரியை எழுதினது இந்தக் காணி” என்று சொல்லி, களஞ்சியத்துச் சாய்வில் இருந்து நான் கடைசியில் எடுத்த படத்தை உயர்த்திப் பிடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். குன்னார்தான் எல்லோரிலும் உரக்கச் சிரித்தவர்.

ஹல்வோர் என் தட்டுகளுக்கு அருகே வந்து நெடுநேரம் குனிந்து பார்த்தார். “எனக்கும் கீழ்ப்பக்கத்திலை ஒரு பழம்புல்லுக் காணி கிடக்குது” என்றார் மெதுவாக, மற்றவர்களுக்குக் கேட்காமல். “எப்ப மருந்தடிக்கவேணும்?”

“முதல் அறுப்புக்குப் பிறகு, புல்லு திரும்பத் துளிர்த்தவுடனை” என்றேன். “பிறகு பேசாமல் இருக்கவேணும்.”

“எவ்வளவு காலம்?”

“வேர் உக்கும் வரைக்கும். ஆறேழு கிழமை ஆகும்.”

“கோடை முழுக்கச் சும்மா இருக்கிறதோ?” என்று ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டவர்போல முகத்தைச் சுளித்தார்.

குன்னாரின் அந்த ஆண்டு அறுவடை ஒன்றும் பெருமைக்குரியதல்ல. ஆனால் அறுவடை இயந்திரம் மேட்டில் இருந்து இறங்கி வந்தபோது, அவர் பசுக்களை விற்ற பிறகு முதல் தடவையாக வீட்டுக்குள் விசிலடித்துக்கொண்டு வந்ததாக ஓசே சொன்னார். நிலம் தன்னை நம்பி நின்ற பயிருக்கு எப்படியோ வழி பண்ணியிருந்தது.

அடுத்த கோடையில் குன்னார் இரண்டாவது புல்தரையைக் கோதுமைக்கு மாற்றினார். முதல் அறுப்பு முடிந்து, புல் மறுபடி கணுக்கால் அளவு வந்ததும் மருந்தடித்தார். அதோடு எங்களுக்குத் தொல்லை தொடங்கியது. ஒவ்வொரு நாளும் தொலைபேசி.

“ராணி, மஞ்சளாப் போச்சு. விதைக்கட்டோ?”

“இல்லை, பொறுங்கோ.”

“பழுப்பாப் போச்சு. இப்ப?”

“இன்னும் இல்லை.”

“நான் என்னதான் செய்யிறது அப்ப? மாடும் இல்லை, புல்லும் இல்லை, உழவும் இல்லை. விடியப்புறம் எழும்பி முற்றத்தைச் சுத்திச் சுத்தி நடக்கிறன். ஓசே என்னைக் கண்டால் கதவைச் சாத்துறா.”

பிறகு திடீரென்று தொலைபேசி நின்றுபோனது. ஒரு கிழமை. இரண்டு கிழமை. தூரிலுக்கும் எனக்கும் உள்ளூரப் பயம் வந்துவிட்டது. மனுசன் பொறுமை இழந்து விதைத்தே விட்டாரோ! ஒரு காலை சொல்லாமலே புறப்பட்டுப் போனோம். வாசலில் காரை நிறுத்தி, சப்பாத்தைக் கழுவி, உள்ளே போனால் முற்றத்தில் ஒருவரும் இல்லை. தட்டினோம். கதவு பூட்டு. கோழிகளுக்கு ஹல்வோர் தீன் போட்டுக்கொண்டு நின்றார்.

“எங்கை எல்லாரும்?” என்று கேட்டோம்.

“கடற்கரைக்குப் போட்டினம். ஒரு சின்ன வீடு வாடகைக்கு எடுத்திருக்கினம். கலியாணம் முடிச்ச காலம் தொட்டு இந்த மனுசனும் மனுசியும் சேர்ந்து ஓர் இரவு வெளியிலை தங்கினது கிடையாது, தெரியுமோ? மாடு இருந்த காலத்திலை பால் கறக்க வேறை ஆர் இருந்தவை?”

காணிக்குப் போனோம். சவள் எடுக்கத் தூரிலுக்கு அன்று விவசாயி இல்லை, நானே வெட்டினேன். ஒரே மிதியில் இறங்கியது. மண்கட்டியைத் தூரில் இரண்டு கையாலும் ஏந்தினார். விண்டுபோக விடாமல் பிடிக்கவே பாடுபட வேண்டியிருந்தது. வேர்கள் கறுத்து உதிர்ந்தன. முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். மழைக்குப் பிந்திய காட்டு வாசம். காலநிலையும் நல்லது, இரண்டு நாள் வெயில் என்று வானொலி சொல்லியிருந்தது. இதைவிட நல்ல விதைப்பு நாள் கிடைக்காது.

தூரில் கைத்தொலைபேசியை எடுத்தார். நான் காதை நீட்டிக்கொண்டு நின்றேன். மறுமுனையில் காற்றும் கடற்பறவைகளும் இரைந்தன.

“குன்னார், உங்கடை புல்லு நல்லா உக்கிப் போச்சு. நாளைக்கே விதைக்கலாம். உடனை வாங்கோ.”

ஓசே பின்னால் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு குன்னாரின் குரல், நான் அதுவரை கேட்டிராத ஓர் ஆறுதலோடு வந்தது:

“இன்னும் ஒரு ரெண்டு நாள் உக்கட்டுமே, தூரில்.”